மருந்துக்கு முன்னால் இரண்டு பாட்டில்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு மூக்கு இருந்ததாம், அந்த மூக்குக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்க்காத ஓர் இருட்டறை இருந்ததாம், அந்த அறைக்கு ஒரு நாள் கூப்பிடாத ஒருவன் வந்து குடியேறினானாம் என்றுதான் என் அப்பச்சி இருந்தால் இதை ஆரம்பிப்பார். அம்மாவைப் பெற்றவர் அவர். அவர் கதைக்கு வரிக்கு வரி நான் 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் ராட்சசன் ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்பான், ராசகுமாரி கிணற்றுக்குள் தொங்கியபடியே தொங்குவாள், அவர் பாட்டுக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். இப்போது என் இரண்டு காதுகளுக்குள்ளும் யாரோ மூன்று வாரமாக நிறுத்தாமல் உம் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். கதை சொல்வது யார் என்றுதான் தெரியவில்லை. காலையில் ஜெசிந்தா சிஸ்டர் அட்டையும் பேனாவுமாக வந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். வாந்தி இருந்துதா, இருந்துதுங்க. விரல் நுனி மரத்துப் போகுதா, இல்லீங்க. காதுல இரைச்சல், ரீங்காரம், கூவுற மாதிரி ஏதாவது? இல்லீங்க. பேனா ஒரு கோடு போட்டது. அவ்வளவுதான். ஒரு கோடு போடுகிற நேரத்தில் ஒரு பொய் சொல்லி முடித்தாகிவிட்டது. மணி ஒன்பதே கால். சிறுநீரகம் வெந்து போகாமல் இருக்க முதலில் இரண்டு பாட்டில் உப்புத் தண்ணீர், பாட்டிலுக்கு ஒரு மணி நேரம், அதற்குப் பிறகு மருந்து. மூன்று தடவையில் இது மூன்றாவது, கடைசி. முதல் பாட்டில் பாதிக்கு வந்துவிட்டது. ஆக, சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு இன்னும் ஒன்றரை பாட்டில் இருக்கிறது.

டாக்டர் அம்மா முதல் நாளே சொல்லித்தான் அனுப்பினார். இந்த மருந்து கட்டியை நல்லா அடிக்கும் தம்பி, ஆனா போற வழியில கிட்னியையும் காதையும் கொஞ்சம் தட்டிட்டுப் போகும், காதுல சத்தம் கேட்டா ஒளிக்காமச் சொல்லணும், சொன்னா மாத்திக்கலாம், சொல்லலைன்னா போனது போனதுதான். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு எப்போதும் சுலபம். முதல் மருந்துக்குக் காதில் ஒன்றுமில்லை. இரண்டாவது ஏறி இரண்டாம் நாள், அம்மா பஞ்சாலைக்கு ஷிப்டு போய்விட்ட பகலில், தனியாகப் படுத்திருந்தபோது பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என்ன இவ்வளவு நேரமாக அரைக்கிறார்கள், ஊருக்கே சட்னியா என்று எழுந்துபோய்ப் பார்த்தேன். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. திரும்பி வந்து படுத்து இரண்டு கையாலும் காதைப் பொத்தினேன். சத்தம் வெளியிலிருந்து வந்தால் குறைய வேண்டும். குறையவில்லை. பொத்தியதும் இன்னும் கிட்டத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் முதலில் தோன்றுவது பயம். மருந்தை மாற்றினால் இளைத்த மருந்தாக மாற்றுவார்களோ, அந்த இருட்டறைக்காரன் செத்த மாதிரி கிடந்துவிட்டு எல்லோரும் போனபிறகு எழுந்து உட்கார்ந்துகொள்வானோ என்று. ஆனால் பயம் மட்டும் இல்லை. இவ்வளவு பேர் இவ்வளவு செய்திருக்கும்போது காதில் கொஞ்சம் சத்தம் என்று போய் நிற்பது எப்படி. பந்தியில் உட்கார வைத்து வயிறாரப் பரிமாறியவர்களிடம் ரசத்தில் உப்பு தூக்கல் என்று சொல்வது போல.

செய்தவர்கள் என்றால் இதோ ஸ்டூலில் உட்கார்ந்து சொட்டு எண்ணிக்கொண்டிருக்கும் துளசிமணி அக்காதான் முதல். கணபதிப் பகுதியில் அக்காவுடையது, கருகிய மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை, நான் ஐந்து வருடமாக அங்கே வேலை. அக்கா காயில் சுற்றுவார், நான் கழற்றி மாட்டுவேன், கேட்பேன். கேட்பது என்றால் காதால் கேட்பதுதான். திருப்புளியின் நுனியை ஓடும் மோட்டாரின் மேல் வைத்து, பிடியைக் காதோட்டையில் வைத்தால் உள்ளே பேரிங் உருள்வது தெரியும். நல்ல பேரிங் மணலில் தண்ணீர் இறங்குவது மாதிரி ஓசையிடும், கெட்டது அரிசியில் கல் கடிபடுவது மாதிரி. எனக்கு அது எப்படியோ வந்துவிட்டது. போன ஆவணியில் ஒரு நாள் அக்கா காயில் பலகையிலிருந்து தலை நிமிராமலே, "ஏண்டா நவநி, காதை மாத்திட்டயா?" என்றார். இல்லீங்க்கா என்றேன். "இல்லையா? அஞ்சு வருசமா வலப் பக்கம் குனியறவன் பத்து நாளா இடப் பக்கம் குனியற. கழுத்துல சுளுக்கா, இல்ல அந்தப் பக்கம் யாராச்சும் புள்ள நிக்குதா?" எனக்கே தெரியாது நான் காதை மாற்றியது. வலது காது குளத்தில் முங்கி எழுந்த மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது, தானாகப் போகும் என்று விட்டிருந்தேன். அக்கா விடவில்லை. ஒரு டாக்டர் அழுக்கு என்றார், சொட்டு விட்டோம். இன்னொருவர் சளி என்றார், மாத்திரை போட்டோம். மூன்றாவதாக ஓர் அம்மா மூக்குக்குள் சேமியா மாதிரி மெல்லிய கேமராவை விட்டுப் பின்னால் எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டு உடனே இந்த ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். குடியேறியவன் அகப்பட்டது அப்படி. காதால் பிழைத்தவன் நான். அந்தக் காதைத்தான் இப்போது மருந்து தின்கிறது, தின்னட்டும் என்று நான் கோடு போட விட்டிருக்கிறேன்.

அடித்துக்கொள்ள வேண்டியது என் தலையில்தான், ஏனென்றால் இந்தப் பொய் எனக்குப் புதிதில்லை, தினமும் கடையில் கேட்பதுதான். மோட்டார் கொண்டுவருகிற ஆட்களிடம், சத்தம் ஏதாவது வந்துச்சுங்களா என்று கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் இல்லை என்பார்கள். நேத்து வரைக்கும் பூ மாதிரி ஓடுச்சுங்க, திடீர்னு நின்னுருச்சு. ஒரு மாசமா சத்தம் என்று சொன்னால் நாங்கள் முழுதாகப் பிரித்துப் போட்டுவிடுவோம், இன்றைக்குக் கிடைக்காது, நாளைக்குக் கிடைக்காது என்று பயம் அவர்களுக்கு. நான் திருப்புளியை வைப்பேன், கேட்பேன், "ஒரு மாசமா கத்திட்டு இருக்குதுங்களே" என்பேன் மெதுவாக. அசடு வழிவார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பார். இப்போது நானே அந்த ஆளாகி இந்தக் கட்டிலில் படுத்திருக்கிறேன். ஜெசிந்தா சிஸ்டர் கையில் திருப்புளி இல்லை, அவரிடம் இருப்பது நான் சொல்லும் சொல் மட்டும்தான். மூன்று ஃபேஸ் கரண்டில் ஓடும் மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் போய்விட்டால் அது உடனே நின்றுவிடாது. ஒரு மாதிரி ஊளையிட்டுக்கொண்டே பாரத்தை இழுத்துப் பார்க்கும். அந்த ஊளை காதில் விழுந்ததுமே அமர்த்திவிட்டால் காயில் பிழைத்தது. ஓடுதே, ஓடட்டும் என்று விட்டால் புகை வரும்போதுதான் தெரியும். இதை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பாட்டிலைப் பார்க்கிறேன். முதல் பாட்டிலின் கழுத்துக்கு வந்துவிட்டது தண்ணீர்.

"அக்கா" என்றேன். கதிர்வீச்சில் வாயில் புண், தொண்டையில் புண், எச்சில் ஊறி ஆறு வாரம் ஆகிறது, கூப்பிட்டது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. எச்சில் என்பது இவ்வளவு பெரிய விஷயம் என்று இருபத்துமூன்று வருடம் யாரும் என்னிடம் சொல்லவில்லை. அக்கா ஒரு விரலைத் தூக்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு மட்டும் அசைய, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ணும்போது அக்காவைக் கூப்பிடக்கூடாது, கடையில் அது சட்டம். காயிலில் ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சுடும் என்பதால் அக்கா எண்ணிக்கொண்டிருக்கையில் போன் அடித்தாலும் எடுப்பதில்லை, ஒரு தடவை தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்து எல்லோரும் வெளியே ஓடினோம், அக்கா மட்டும் நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது என்று உட்கார்ந்திருந்தார். அதனால் காத்திருக்கிறேன். காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நாக்கில் ஏறி நின்ற சொல் ஒவ்வொரு படியாக இறங்குகிறது, தொண்டைக்கு, நெஞ்சுக்கு, வயிற்றுக்கு. "அறுபத்தி நாலு. செரியாத்தான் ஓடுது" என்று அக்கா விரலை இறக்கினார். "என்றா?" "தண்ணிங்க்கா" என்றேன். டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு மிடறு. விழுங்கும்போது கண்ணாடித் தூள். ஆனாலும் விழுங்குகிறேன், விழுங்க முடிகிறது, மூக்கு வழியாகச் சாப்பாட்டுக் குழாய் போடாமல் இந்த ஆறு வாரத்தை அக்காவின் ராகிக் கூழிலும் அம்மாவின் கஞ்சித் தண்ணீரிலும் கடந்திருக்கிறேன். குடித்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அக்கா வாங்கிக்கொண்டார்.

சிஸ்டர் வந்து இரண்டாவது பாட்டிலை மாட்டிவிட்டுப் போனார். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும், சொன்னதில்லை. நரம்பு ஒளிந்துகொள்ளும் கை என்னுடையது, மற்றவர்கள் மூன்று நான்கு தடவை குத்துகிற இடத்தில் அவர் கையை ஒரு தடவு தடவி, "வாடா தங்கம், வெளிய வா" என்று நரம்பிடம் பேசி ஒரே குத்தில் பிடிப்பார். கீழே கதிர்வீச்சு அறையில் இருக்கும் அண்ணனுக்கும் சொல்ல வேண்டும். முகத்தோடு ஒட்டி அச்செடுத்த வலை முகமூடியைப் போட்டு மேஜையோடு பூட்டிவிட்டு அவர் வெளியே போனதும், முதல் நாள், செத்தவனுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். முடிந்ததும் அவர் ஓடிவந்து கொக்கியைக் கழற்றுகிற வேகத்தில், பூட்டப்பட்டுக் கிடந்தது அவரேதான் என்பது போல ஒரு பதற்றம் இருக்கும். முப்பது தடவையும் அதே வேகம். பெயர் கேட்டதில்லை அவரிடம். இன்னும் மூன்று நாள் பாக்கி இருக்கிறது, கேட்டுவிட வேண்டும். இப்படி ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டு போனால் மனது நிரம்புகிறது, நிரம்பும்போதே அடியில் ஒன்று குத்துகிறது, இத்தனை பேர் கைபட்ட உடம்பைப் பற்றித்தானே காலையில் பொய் சொன்னாய் என்று. சிறுநீர் வந்தது. பாட்டில் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு போய் அளவுக் குடுவையில் பிடித்துக் கொண்டுவந்து வைத்தேன். அக்கா குனிந்து பார்த்து நோட்டில் எழுதினார். "நானூறு. பரவால்லடா, எங்க வீதிக்கு வர்ற கார்ப்பரேசன் தண்ணிய விட நல்ல வேகம்." கூச்சத்தில் சிரித்தேன், உதடு வெடித்தது.

அப்புறம் அக்காவாகவே கடைப் பேச்சை எடுத்தார். "சோமனூர்க்காரர் ஒருத்தர் அஞ்சு எச்பி மோட்டார் கொண்டாந்தாருடா. உனக்குப் பதிலா நிக்கற தண்டபாணி கேட்டுப் பாத்துட்டு பேரிங் நல்லாத்தான் இருக்குதுன்னான். அனுப்பிச்சேன். மூணாம் நாள் இறுகிப் போய்த் திரும்பி வந்துருச்சு. அவனையும் குத்தம் சொல்ல முடியாது, பாவம், அவனுக்கு அவ்வளவுதான் கேக்குது. சந்தேகமா இருக்கற நாலு மோட்டார ஓரமா வெச்சுட்டேன், நவநி வந்து கேக்கட்டும்னு. எனக்குச் சுத்தத்தான் தெரியும். கேக்கறது நீதான்." சொல்லிவிட்டு மறுபடி சொட்டைப் பார்த்தார். என் மேல் யாரும் கோபப்பட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நாலு மோட்டார் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பது தெரிகிறது. அவற்றின் மேல் திருப்புளியை வைக்கிறேன், பிடியைக் காதில் வைக்கிறேன், அரிசியும் இல்லை கல்லும் இல்லை, உம், உம், உம். அக்கா கேட்பார், என்றா சொல்லுது? நான் என்ன சொல்வேன், நல்லாத்தான் இருக்குதுங்க்கா என்பேனா, காலையில் சொன்ன மாதிரி. உயிர் இருந்தால் போதாதா, காது எதற்கு என்று ஒரு பக்கம். செவிடனாக எத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று ஒரு பக்கம். உயிரா காதா என்று யாராவது கேட்டார்களா உன்னிடம், கேட்டது காதில் சத்தம் இருக்கிறதா என்று மட்டும்தானே, அதற்கு மட்டும் பதில் சொல்லேன் என்று இன்னொரு பக்கம். இந்த மூன்றும் மாறி மாறிச் சுற்றுகின்றன, எங்கேயும் போய்ச் சேரவில்லை. இரண்டாவது பாட்டிலில் தண்ணீர் இறங்கும்போது மேலே ஒரு காற்றுக் குமிழி எழும்பி உடைகிறது. உடையும் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன். அதற்குச் சத்தம் உண்டா என்றே எனக்கு நினைவில்லை.

வண்டிச் சக்கரம் உருண்டு வந்தது. ஜெசிந்தா சிஸ்டரும் கூட இன்னொரு சிஸ்டரும். தட்டில் மருந்து, வெளிச்சம் படக்கூடாதென்று பழுப்பு உறை போட்டது. மாட்டுவதற்கு முன் இங்கே ஒரு வழக்கம் உண்டு, ஒருவர் சீட்டைப் பார்ப்பார், ஒருவர் மருந்தைப் பார்ப்பார், நோயாளி தன் வாயால் தன் பெயரைச் சொல்ல வேண்டும். எத்தனை தடவை பார்த்த முகமானாலும் சொல்லியே ஆக வேண்டும். "பேர் சொல்லுங்க தம்பி." "நவநீதன்" என்றேன். சொன்ன வாய் மூடவில்லை. உண்மையான ஒன்றைச் சொல்லத் திறந்த வாய், அதிலேயே இன்னொன்றும் வெளியே வந்துவிட்டது. "காதுல சத்தம் இருக்குதுங்க சிஸ்டர்." யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு சிஸ்டர் சீட்டில் டிக் போட்டாயிற்று. ஜெசிந்தா சிஸ்டர் உறையோடு பாட்டிலைத் தூக்குகிறார். அந்த நொடியில் எனக்கு வந்த பயம் சாகிற பயம் இல்லை, இன்னொரு தடவை சொல்ல வேண்டுமே என்கிற பயம். பிறந்ததிலிருந்து யாரும் என்னைச் சத்தமாகப் பேசு என்று சொல்லாத நாளில்லை. புண் கிழியட்டும் என்று வயிற்றிலிருந்து இழுத்துச் சொன்னேன். "காதுல சத்தம் கேக்குதுங்க. மூணு வாரமா." வார்டே திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

சிஸ்டர் பாட்டிலை மெதுவாகத் தட்டிலேயே திரும்ப வைத்தார். "காலைல கேட்டேனே தம்பி." "கேட்டீங்க." "இல்லன்னீங்களே." "சொன்னேனுங்க." வைவார் என்று நினைத்தேன். அவர் என் கையின் ஊசி போட்ட இடத்தைச் சும்மா ஒரு தடவை பார்த்தார், "ஏறலை இன்னும், ஒண்ணும் ஆயிடலை" என்றார், யாருக்குச் சொன்னாரோ, எனக்கா அவருக்கா. டாக்டருக்குப் போன் போட்டபடியே நடந்தார். வைதது அக்காதான், அதுவும் குரலை உயர்த்தாமல். "கடைக்கு வர்றவனை எல்லாம் மூஞ்சிக்கு நேரா, ஒரு மாசமா கத்திட்டு இருக்குதுங்களேன்னு சொல்றவன், அப்படித்தானடா? ரெண்டு மணி நேரமா பக்கத்துலயே ஒக்காந்து நான் என்ன எண்ணிட்டு இருந்தேன், சொட்டுத்தானா எண்ணிட்டு இருந்தேன்? இவன் வாய்க்குள்ள ஒண்ண அடக்கி வெச்சுருக்கான்னு கூட எனக்குத் தெரியாமப் போச்சு பாரு." கடைசி வார்த்தையில் குரல் நழுவியது. முந்தானையால் என் உதட்டு ரத்தத்தைத் துடைத்தார், துடைத்தது கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருந்தது. டாக்டர் அம்மா வந்தார். கேட்டார், சொன்னேன். இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் உள்ளதை உள்ளபடி. "இதே மருந்துக்குத் தங்கச்சி மாதிரி ஒண்ணு இருக்கு, காதை இவ்வளவு தொடாது. அதுக்கு மாத்திடலாம். முதல்ல காது டெஸ்ட் எடுத்துட்டு வாங்க." நான் கேட்டேன், "அது இளைச்ச மருந்துங்களா?" கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு தடவை முழுசா ஏறியிருக்கு, கட்டி நல்லா சுருங்கியிருக்கு. ரெண்டு மருந்துக்கும் ஒரே பலமான்னு கேட்டா அடிச்சுச் சொல்ல எனக்கு முடியாதுப்பா. ஆனா பொழைக்க வெச்சு செவிடாக்கி அனுப்ப எனக்கு மனசில்ல." தெரியாததைத் தெரியாது என்று சொன்னதாலேயே அவர் சொன்ன மற்றதை எல்லாம் நம்பினேன்.

மேல்மாடியில் ஐஸ் கிடங்கு மாதிரி கனத்த கதவு வைத்த சின்ன அறை. சோதனை செய்யும் அம்மா தலையில் ஹெட்போன் மாதிரி ஒன்றை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். "எவ்வளவு சின்னதா கேட்டாலும் அமுக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க." கதவு மூடியது. வெளிச் சத்தம் எல்லாம் போன பிறகு உள்ளே இருந்த உம் எத்தனை பெரியது என்று தெரிந்தது. அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன, தவில் அடிப்பது போலத் தடித்த சத்தம், அமுக்கினேன், அதைவிட மெல்லியது, அமுக்கினேன், தொலைவில் யாரோ விசில் அடிப்பது, அமுக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அந்த அம்மாவின் கை நகர்வது தெரிகிறது, இப்போது ஏதோ ஒன்றை அனுப்பியிருக்கிறார் என்று கைக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை. அமுக்கிவிடலாம். கையைப் பார்த்தே அமுக்கிவிடலாம், நல்ல காது என்று எழுதிக் கொடுப்பார்கள். கட்டை விரலைப் பட்டனிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். வெளியே வந்ததும் கோடு இழுத்த தாளைக் காட்டினார். மேல் சுருதி இரண்டு இடத்தில் கோடு சரிந்திருந்தது. "குருவி, கொசு, செல்போன் மணி, இதெல்லாம் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். பேச்சு எல்லாம் அப்படியே இருக்கு." திரும்ப வருமா என்றேன். "இரைச்சல் கொறையலாம். கேக்காமப் போனது வராது. இருக்கறதக் காப்பாத்திக்கலாம், சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்றார். சரியான நேரமா. மூன்று வாரம் முன்னால், சத்தம் வந்த அன்றே சொல்லி அதற்கு வைத்தியம் பார்த்திருந்தால் அந்தக் கோட்டில் ஒரு சரிவாவது குறைந்திருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சொல்லாமல் விட்டார். அதற்கும் ஒரு கும்பிடு போட்டேன். அவர் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்.

நீளமான நடைக்கூடம், மத்தியானம், ஆளில்லை. பெஞ்சில் நானும் அக்காவும், நடுவில் ஸ்டாண்டில் தொங்கும் பாட்டில். தாளை அக்கா தலைகீழாகப் பிடித்து, பிறகு நேராகப் பிடித்துப் பார்த்தார். கேட்க வேண்டியதை நான்தான் கேட்டேன். "மோட்டார் கேக்குமாங்க்கா?" "நீ என்ன கொசுவ வெச்சா கேக்கற? திருப்புளி வெச்சுத்தான கேக்கற" என்றார். சிரிக்கவில்லை, ஆனால் தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார், பத்திரம் வைக்கிற மாதிரி. புது மருந்துச் சீட்டு கையில் இருந்தது. "கீழ போயி வாங்கிட்டு வந்தர்றேன். சிஸ்டர் ஒரு மணிக்குள்ள வேணும்னாங்க. எந்திரிக்காத, இங்கயே இரு." அக்கா எழுந்து நடந்தார். காலில் ரப்பர் செருப்பு, இடது செருப்பின் வார் தளர்ந்திருக்கிறது போல, ஒரு அடிக்கு டப், அடுத்த அடிக்கு டப்-சரக். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் இதை நான் கேட்டதில்லை. டப், டப்-சரக். கவனித்துக் கேட்கிறேன். உம் இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும், அதற்கு அந்தப் பக்கம் போகிறது இது. மருந்து வருகிற வழி அது. எக்ஸ்ரே அறையைத் தாண்டியது, தண்ணீர்க் குழாயைத் தாண்டியது, சின்னதாகிறது, இன்னும் சின்னதாகிறது, இருக்கிறதா, இருக்கிறது. படிக்கட்டுத் திருப்பத்தில் அக்காவின் சேலை நுனி மறைந்தது. மறைந்த பிறகும் இரண்டு படிகள் வரைக்கும் கேட்டது.